தோற்கவே முடியாத பந்தயம்: அம்பாசிடரும் பத்மினியும்

அம்பாசிடர் சிறந்ததா, பிரீமியர் பத்மினி சிறந்ததா என்னும் வழக்கு இந்தியக் கார் அன்பர்களிடையே அரை நூற்றாண்டாகத் தீராமல் கிடக்கிறது. ஒரு தரப்பினர் இயந்திரத்தின் கன அளவைக் காட்டுவர். மறு தரப்பினர் உடலின் எடைக் குறைவைக் காட்டுவர். அமைச்சர்களும் ஆட்சியர்களும் ஏறிச் சென்ற வண்டி என்பார் ஒருவர்; பம்பாய் நகரையே சுமந்த வண்டி என்பார் இன்னொருவர். இரு அணியாரும் எண்களை அடுக்குவதில் சளைத்தவர் அல்லர். இந்தியத் தொழில் வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டிருக்கும் எனக்கு இந்த எண்களின்மீது வெறுப்பு ஏதும் இல்லை. அவற்றை இவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே என் குறை. முழுமையாகப் படித்தால் அந்த எண்கள் எந்தக் காருக்கும் வெற்றிமாலை சூட்டுவதில்லை. அவை ஒரு குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகின்றன.

முதலில் எண்களையே நேர்மையாகப் பார்ப்போம்.

நீண்ட காலம் அம்பாசிடரில் இருந்தது பி.எம்.சி. பி-வரிசையைச் சேர்ந்த 1,489 சி.சி. பெட்ரோல் இயந்திரம். அது தந்த ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினியில் இருந்தது ஃபியட்டின் 1,089 சி.சி. இயந்திரம், அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். 50க்கும் 40க்கும் இடையே உள்ள இந்தப் பத்தைத்தான் அம்பாசிடர் அணியார் கொடியாக உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஆனால் அம்பாசிடரின் எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல்; பத்மினியின் எடை 900 கிலோவுக்குச் சற்றுக் கீழ். வகுத்துப் பாருங்கள். இரண்டுக்குமே டன்னுக்கு 45 குதிரைத்திறனை ஒட்டியே விடை வருகிறது. வெற்று வண்டியாக நிற்கையில் இரண்டும் சமமே. லிட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால் அம்பாசிடருக்கு ஏறத்தாழ 34, பத்மினிக்கு ஏறத்தாழ 37. சிறிய இயந்திரம் தன் அளவுக்கு மீறி உழைத்தது என்று ஃபியட் அணியார் பெருமை கொள்வதில் நியாயம் உண்டு.

இனி ஆட்களை ஏற்றுவோம். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐவரை இரண்டிலும் அமர்த்தினால் கணக்கு மாறுகிறது: அம்பாசிடருக்கு டன்னுக்கு 35ஐ ஒட்டியும், பத்மினிக்கு 33ஐ ஒட்டியும் வருகிறது. சுமை கூடக் கூட, கனத்த வண்டி இழப்பது குறைவு. அதன் பிஸ்டன் நகரும் தொலைவு 89 மில்லிமீட்டர். ஃபியட்டில் அது 75 மில்லிமீட்டர்தான். நெடுந்தொலைவு நகரும் பிஸ்டனும் பெரிய கன அளவும் சேர்ந்து, குறைந்த சுழற்சியிலேயே அம்பாசிடருக்கு இழுவிசையைத் தந்தன. ஒரு குடும்பத்தையும் அதன் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு மேடேறுகையில் அது மூச்சு வாங்காமல் இருந்ததன் இரகசியம் இதுவே. இலகுவான உடலும் குறைந்த பெட்ரோல் செலவும் பத்மினியை நகரத்து வண்டியாக்கின. அதன் அச்சிடைத் தூரம் 2,340 மில்லிமீட்டர். அம்பாசிடரின் தூரம் 2,464. இந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரும் அகலத்தில் இருந்த வேறுபாடும் பம்பாய்ச் சந்துகளில் ஒரு பொருளையும், வங்காளத்து நெடுஞ்சாலையில் வேறொரு பொருளையும் தந்தன.

ஸ்டீயரிங்கில் அம்பாசிடர் ஒரு படி முந்தியது. அதில் இருந்தது பல்சட்ட அமைப்பு. பத்மினியின் புழு-உருளை அமைப்பு அதனினும் பழையது. முன்சக்கரங்களுக்குத் தனித்தனித் தொங்கல் அமைப்பு இரண்டிலும் உண்டு: ஒன்றில் முறுகும் கம்பித்தண்டு, மற்றொன்றில் சுருள்வில். பின்சக்கரங்களுக்கு இரண்டிலும் மாட்டு வண்டிக் காலத்துப் பட்டை வில்லே. இரண்டிலும் ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய நாற்படிக் கியர். இரண்டிலும் முதற்படிக்கு ஒத்திசைவு இல்லை. இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்.

ஆகவே தாளின்மேல் முடிவு இதுதான்: ஏறத்தாழச் சமன். ஒன்று சுமைக்கு, மற்றொன்று நகருக்கு. இவ்வளவோடு வழக்கை முடித்துக்கொண்டு தேநீர் அருந்தப் போகலாம். பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேதான் முடிகின்றன. என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

இவ்வொப்பீட்டு அட்டவணைகளில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு பத்தி உண்டு. அது ஆண்டு.

அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இங்கிலாந்தில் 1956இல் தோன்றி, 1959இல் தன் இடத்தை அடுத்த வடிவத்துக்கு விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் அது 1957 முதல் 2014 வரை உற்பத்தியானது. பத்மினியின் மூலமான ஃபியட் 1100டி இத்தாலியில் 1962 முதல் 1966 வரை வாழ்ந்தது. இந்தியாவில் 1964இல் வந்த அவ்வுடல், 'பிரசிடென்ட்' என்றும் பின்னர் 'பத்மினி' என்றும் பெயர் மாறியபடி, ஏறத்தாழ 2000 வரை நீடித்தது. பிறந்த மண்ணில் மூன்றாண்டும் நான்காண்டும் வாழ்ந்தவை, புகுந்த மண்ணில் ஐம்பத்தேழு ஆண்டும் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டும் வாழ்ந்தன.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். இத்தாலியில் 1100டி உடலுக்குள் 1,221 சி.சி. இயந்திரம் இருந்தது. இந்தியாவுக்கு அவ்வுடல் வந்தபோது அதனுள் பழைய 1,089 சி.சி. இயந்திரமே தொடர்ந்தது. புதிய சட்டைக்குள் பழைய நெஞ்சை வைத்து நமக்கு விற்றார்கள். நாமும் அதற்காக வரிசையில் நின்றோம்.

காலம் செல்லச் செல்ல எண்கள் உயர வேண்டும் என்பது பொறியியலின் இயல்பு. அம்பாசிடரின் வரலாற்றில் அவை கீழிறங்கியதும் உண்டு. 1980ஐ ஒட்டி வந்த டீசல் அம்பாசிடரின் ஆற்றல் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. தன் முன்னோடியைவிட வலுக்குறைந்த கார் இருபதாண்டுக்குப் பின் புதியதாக வந்தது. அதே நிறுவனம் 1984இல் 'கான்டெஸா' என்னும் சொகுசுக் காரை அறிமுகப்படுத்தியது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் உடல், அகன்ற முகப்பு, சொகுசு இருக்கைகள் எல்லாம் இருந்தன. முகப்பைத் திறந்தால் தொடக்க வண்டிகளில் இருந்தது அதே 1,489 சி.சி. இயந்திரம்! அம்பாசிடரையே இழுக்கத் திணறியதை அதனினும் பெரிய உடலில் பூட்டினார்கள்.

இதைச் செய்தவர்கள் அறிவிலிகளா? இல்லை. உத்தர்பாடாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸிலும் பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸிலும் தேர்ந்த பொறியாளர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய திறமைக்குச் சந்தையில் விலை இல்லை. வாங்குபவருக்கு வேறு புகலிடம் இல்லாததே காரணம். 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உற்பத்தித் திறனுக்கு உரிமம் வேண்டும்; விரிவாக்கத்துக்கும் உரிமம் வேண்டும். உள்நாட்டில் பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத வெளிநாட்டுத் தொகுப்பாளர்களுக்குக் கதவடைக்கப்பட்டதால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவே வெளியேறின. மிஞ்சியவை உத்தர்பாடா, பம்பாய், ஹெரால்டு காரைச் செய்த மதறாஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆகிய மூன்றே. மலிவான சிறுகார் வேண்டும் என்று எல்.கே. ஜா தலைமையிலான குழு 1960இலேயே பேசியது. அப்படியொரு கார் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில்.

இடைப்பட்ட காலத்தில் கார் வாங்குவது என்பது பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. முறை வந்து கைக்குக் கிடைத்த காரை அன்றே விற்றால் வாங்கிய விலையைவிடக் கூடுதல் கிடைக்கும். பழையது புதியதைவிட விலை போகும் ஒரு சந்தையில் தரம் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? 1969இல் அரசு கார் விலையைச் சட்டப்படி நிர்ணயித்தபோது, உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1971இல் தீர்ப்பு வந்தது. அவ்வழக்கின் பொருளைக் கவனியுங்கள்: நியாயமான விலை எது என்பதை நீதிபதிகள் ஆராய வேண்டியிருந்தது. போட்டி தீர்க்க வேண்டிய கேள்வி அது. இந்தப் பந்தயத்தில் ஓடியவர்கள் தோற்கவே முடியாது; ஆகவே அவர்களுள் யார் வென்றார் என்று கேட்பதில் பொருளில்லை.

இனி, பழைமைக் காதலர்கள் முன்வைக்கும் மூன்று வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "அந்தக் கால இரும்பு உறுதியானது; மோதினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது." வண்டிக்கு ஒன்றும் ஆகாததே ஆபத்து. மோதலின் விசையை உலோகம் மடங்கி உள்வாங்காவிட்டால், அவ்விசை உள்ளே அமர்ந்திருப்பவரின் நெஞ்செலும்பைத் தேடிச் செல்லும். இவ்விரு கார்களும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் மோதலை உள்வாங்கும் முகப்போ, மடங்கும் ஸ்டீயரிங் தண்டோ அவற்றின் இலக்கணத்தில் இல்லை. இருக்கைப் பட்டைகூட நம் நாட்டில் 1990களில்தான் கட்டாயமாயிற்று. தகரத்தின் கனத்தைப் பாதுகாப்பு என்று நம்பியதற்கு நாம் கொடுத்த விலையை எந்த விற்பனைச் சிற்றேட்டிலும் அச்சிட்டதில்லை.

இரண்டாம் வாதம்: "எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்கலாம், ஒரு ஸ்பேனரும் ஒரு கம்பியும் போதும்." உண்மைதான். அந்தச் சிற்றூர் மெக்கானிக்கின் கைத்திறனுக்கு என் வணக்கம். ஆனால் அத்திறன் அவருடையது. அதைக் காரின் கணக்கில் வரவு வைப்பது எவ்வகை நியாயம்? வாசலிலேயே மருத்துவர் இருக்கிறார் என்பதற்காக நோயைப் பாராட்டுவோமா? ஒவ்வொரு தெருவிலும் பழுது பார்ப்பவர் இருந்தார் என்றால், ஒவ்வொரு தெருவிலும் கார் பழுதாகி நின்றது என்றும் பொருள்.

மூன்றாம் வாதம்தான் வலுவானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "அந்நியச் செலாவணி இல்லாத ஏழை நாடு அது. பாதுகாப்பு இல்லாவிட்டால் இந்தியாவில் கார்த் தொழிலே வேர்பிடித்திராது. பாகங்கள் செய்யும் தொழில்கள் அந்த நிழலில்தான் வளர்ந்தன." இதில் உண்மை உண்டு. 1957இன் செலாவணி நெருக்கடி கற்பனை அன்று. வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எனச் சென்னையைச் சுற்றி 1960களின் தொடக்கத்தில் எழுந்த பாகத் தொழில்கள் அந்த உள்நாட்டுமயக் கொள்கையின் பயன்களே. சந்தையைத் திறந்துவிட்டிருந்தால் எல்லாம் தானே மலர்ந்திருக்கும் என்று சொல்லும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.

ஆனால் பாதுகாப்பு என்பது ஒரே வகையானதன்று. தென்கொரியாவைப் பாருங்கள். ஹூண்டாய் மோட்டார் 1967இல் தொடங்கப்பட்டது. அதாவது அம்பாசிடர் வெளிவந்து பத்தாண்டு கழித்து. அதுவும் பிறர் காரைத்தான் முதலில் தொகுத்தது: ஃபோர்டின் கார்ட்டினா. அதற்கும் உள்நாட்டுச் சந்தையில் அரசின் காப்பு இருந்தது. ஆனால் அந்த அரசு காப்புக்கு விலை கேட்டது: சொந்த வடிவம் செய், வெளிநாட்டில் விற்றுக் காட்டு. 1975இல் 'போனி' வந்தது. இத்தாலியின் ஜுஜாரோ வரைந்த உடல், மிட்சுபிஷியின் இயந்திரம். ஆயினும் கொரியாவின் சொந்தக் கார். 1986இல் ஹூண்டாய் அமெரிக்காவில் கார் விற்றது. 1998இல் அதே நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்டது: 999 சி.சி., பன்னிரண்டு வால்வு, எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு, ஏறத்தாழ 55 குதிரைத்திறன். அம்பாசிடரின் மூன்றில் இரண்டு பங்கு கன அளவில் அம்பாசிடரின் பழைய இயந்திரத்தைவிடக் கூடுதல் ஆற்றல். அந்த ஆண்டில் உத்தர்பாடாவில் அம்பாசிடரும் பம்பாயில் பத்மினியும் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருந்தன.

ஆகவே குற்றவாளி பாதுகாப்பு அன்று. கெடுவும் நிபந்தனையும் இல்லாத பாதுகாப்பே குற்றவாளி. இதற்குச் சான்று வேண்டுமெனில் இவ்விரு கார்களின் விவரத்தாளையே கொண்டுவரலாம். 1983இல் மாருதி 800 வந்தது: 796 சி.சி., ஏறத்தாழ 650 கிலோ, 40க்குச் சற்றுக் குறைவான குதிரைத்திறன், டன்னுக்கு 60ஐ ஒட்டிய ஆற்றல். கால் நூற்றாண்டாக அசையாத எண்கள் அதன்பின் அசையத் தொடங்கின. பிரீமியர் 1985இல் நிசான் இயந்திரத்தோடு 118என்இ காரைக் கொண்டுவந்தது. அம்பாசிடருக்கு 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1,817 சி.சி. இயந்திரமும் ஐந்துபடிக் கியரும் கிடைத்தன. ஆற்றல் ஏறத்தாழ 75 குதிரைத்திறன். அதே ஆலை, அதே மக்கள். முப்பதாண்டாக முடியாதது எப்படித் திடீரென முடிந்தது? வாங்குபவர் முதன்முறையாக "வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கினார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. எழுபதுகளில் செய்திருந்தால் வளர்ச்சி ஆகியிருக்கும். தொண்ணூறுகளில் அது மூச்சுத்திணறலாகவே முடிந்தது.

இந்தக் கதையின் செலவை யார் ஏற்றார்கள்? உரிமம் பெற்றவர்கள் ஏற்கவில்லை. வழங்கியவர்களும் ஏற்கவில்லை. நடுத்தர வர்க்கம் காத்திருப்பாக ஒரு பங்கைச் செலுத்தியது. பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் வாடகைக் கார் ஓட்டுநர்கள். இயந்திரச் சூடு காலில் ஏற, கனத்த கிளட்சை நாளொன்றுக்கு எத்தனை முறை மிதிப்பது என்று கணக்கில்லாமல், பவர் ஸ்டீயரிங் இன்றித் தோள் வலிக்கத் திருப்பி, மழைநீரில் நனைந்த டிரம் பிரேக்கை நம்பி ஓட்டியவர்கள் அவர்கள். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி 2023 அக்டோபரில் இருபதாண்டு வரம்பை எட்டிச் சாலையை விட்டு இறங்கியபோது, ஒன்றையேனும் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. வைக்கட்டும், மறுப்பில்லை. அதன் பக்கத்தில், அவ்வண்டியில் இருபதாண்டு அமர்ந்தவரின் முதுகெலும்பின் எக்ஸ்-ரே படத்தையும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பத்தாண்டுக்கு முன்பும் இதே நாடகம் நடந்தது. 2013இல் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி அம்பாசிடரை உலகின் தலைசிறந்த வாடகைக் காராகத் தேர்ந்தெடுத்தது, நாடெங்கும் பூரிப்பு. அடுத்த ஆண்டு மே 24 அன்று உத்தர்பாடா ஆலையில் பணி நிறுத்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. முந்தைய நிதியாண்டில் விற்றவை இரண்டாயிரத்துச் சொச்சம் கார்களே. வேலை இழந்து நின்ற தொழிலாளர்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர். 2017இல் பியூஜோ நிறுவனம் 'அம்பாசிடர்' என்னும் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஐம்பத்தேழு ஆண்டு உழைப்பில் விலைபோகத் தக்கதாக மிஞ்சியது பெயர் ஒன்றே. அந்தப் பெயரை விலைபெறச் செய்தது நம் ஏக்கம். நம் பொறியியல் அன்று.

இவையெல்லாம் பழங்கதை, இன்று ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கிளறத்தான் வேண்டும். கட்டி முடித்து வரும் வெளிநாட்டுக் கார்களுக்கு இன்றும் இறக்குமதி வரி உயர்வாகவே இருக்கிறது. மின்கலன் உற்பத்திக்கு 2021இல் ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. மின்சாரக் கார்களைச் சுற்றிச் சலுகைகளும் காப்புகளும் மீண்டும் வகுக்கப்படுகின்றன. 'நம் நாட்டுத் தயாரிப்பு' என்னும் முழக்கம் மீண்டும் எழுகிறது. அம்முழக்கத்தை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு காப்புக்கும் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும் என்கிறேன். இது எந்த ஆண்டில் முடியும்? அதற்குள் எதைச் செய்துகாட்ட வேண்டும்? செய்யாவிட்டால் யார் இழப்பார்? மூன்றாவது கேள்விக்கு "வாங்குபவர்" என்பது விடையாக இருந்தால், அது அம்பாசிடர் காலத்தின் மறுபிறப்பே.

பழைய கார்களை நேசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நேசத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தாத்தாவின் அம்பாசிடரைத் துடைத்துப் பளபளக்க வைத்திருப்பவரையும், உதிரிபாகம் தேடி ஊர் ஊராக அலைந்து ஃபியட்டை உயிரோடு காப்பவரையும் நான் மதிக்கிறேன். அடுத்த முறை இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, குதிரைத்திறனுக்கும் எடைக்கும் அருகில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள்: அவ்வடிவம் பிறந்த நாட்டில் கைவிடப்பட்ட ஆண்டு ஒன்று, நாம் கைவிட்ட ஆண்டு மற்றொன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அம்பாசிடருக்கு 55 வரும். பத்மினிக்கு 34 வரும். வென்றது யார் என்னும் விவாதத்தை அதன்பின் தொடரலாம்.